உவர்மலை வாடகை வீடு: மத்தியஸ்த சபை முன் தீர்ந்த ஒரு பிணக்கின் முழு விவரம்

திருகோணமலை உவர்மலையில் மாதம் 28,000 ரூபாய் வாடகைக்கு விடப்பட்டிருந்த ஒரு வீட்டைப் பற்றிய பிணக்கு, மாசி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் எங்கள் முன் வந்தது. அதை விசாரித்த மத்தியஸ்தர் மூவரில் நானும் ஒருவன். மத்தியஸ்த சபையில் பேசப்படுவது வெளியே போகக்கூடாது என்பதால், இரு தரப்பினரிடமும் ஒப்புதல் பெற்று, ஆட்களை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றியே இதை எழுதுகிறேன். எங்கள் ஊரில் வாடகைப் பிணக்குகள் பெரும்பாலும் எந்த இடத்தில் முறுகுகின்றன என்பதையும், கட்டளையிடும் அதிகாரம் இல்லாத ஒரு சபை அவற்றை எவ்வாறு தீர்க்க முடிகிறது என்பதையும் இந்த ஒரு வீட்டின் கதை தெளிவாகக் காட்டுவதால், சிறிய விவரங்களையும் விடாமல் பதிவு செய்வது அவசியம் என்று கருதுகிறேன்.

வீட்டின் உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் காலமான பின்னர் பின்பக்கத்து இரண்டு அறைகளில் அவர் இருந்துகொண்டு, முன்பக்கத்தை வாடகைக்கு விட்டிருந்தார். வாடகைக்கு வந்தவர் உப்புவெளிக் கடற்கரையிலுள்ள ஒரு ஹோட்டலில் பணிபுரிபவர். மனைவி, இரண்டு பிள்ளைகள், வயதான மாமியார் ஆகியோருடன் குடிவந்தவர். மூத்த மகள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கணக்குப் பாடத்தில் சந்தேகம் வந்தால் பின்பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவாளாம். பொங்கலுக்குப் பொங்கல் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும். பட்சணம் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வரும். குடியிருப்பவர் "ரீச்சர்" என்று அழைப்பார். ஆசிரியை "தம்பி" என்று அழைப்பார். இந்த உறவு ஒன்றே முக்கால் வருடம் நன்றாக இருந்ததாக இருவருமே ஒப்புக்கொண்டார்கள்.

அவர்களுக்கிடையில் இருந்த எழுத்து ஒரே ஒரு தாள்தான். கணினியில் தட்டச்சு செய்து, முத்திரை ஒட்டி, அயலவர் இருவர் சாட்சிக் கையெழுத்து இட்ட தாள். தை மாதம் தொடங்கி இரண்டு வருடங்களுக்கு வாடகை என்றும், முற்பணம் 168,000 ரூபாய் என்றும், மின்கட்டணமும் நீர்க்கட்டணமும் குடியிருப்பவர் பொறுப்பு என்றும் அதில் இருந்தது. வீட்டின் திருத்த வேலைகளை யார் பார்ப்பது, முற்பணத்தை எப்போது எப்படித் திருப்பிக் கொடுப்பது, காலம் முடிந்த பின் நீடிக்க வேண்டுமானால் என்ன செய்வது ஆகிய மூன்றைப் பற்றியும் ஒரு சொல்கூட இல்லை. எங்கள் முன் வந்த சண்டை முழுவதும் அந்த மூன்றைப் பற்றியதே.

அந்தத் தாளுக்கு இன்னொரு குறையும் இருந்தது. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட காலத்துக்கான குத்தகை, உறுதிகளை எழுதி அத்தாட்சிப்படுத்தும் அதிகாரமுள்ள நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளுடன் எழுதப்படாவிட்டால் சட்டத்தில் குத்தகையாக நிற்காது. ஆகவே இரண்டு வருட ஒப்பந்தம் என்று இருவரும் நம்பியிருந்தது, சட்டத்தின் பார்வையில் மாதாமாதம் ஓடும் ஒரு வாடகைக் குடியிருப்பு மட்டுமே. இதை முதல் தடவையாகக் கேட்டபோது இருவரும் ஒரே மாதிரி அதிர்ந்தார்கள். நகரத்தில் வாடகைக்கு இருக்கும் குடும்பங்களில் எத்தனையோ பேரின் கையில் இதே வகைத் தாள்தான் இருக்கிறது. முத்திரை ஒட்டினால் போதும் என்ற நம்பிக்கை மிக ஆழமாக வேரூன்றியிருக்கிறது.

பிணக்கின் தொடக்கம் வருமானத்தில் இருந்தது. உப்புவெளி, நிலாவெளிப் பகுதிகளில் சுற்றுலாப் பருவம் சித்திரை, வைகாசியில் தொடங்கிப் புரட்டாதியோடு தணிந்துவிடும். வடகீழ்ப் பருவக்காற்றோடு மழை தொடங்கிவிட்டால் கடல் கொந்தளிக்கும், அறைகள் வெறுமையாகும், ஹோட்டல் ஊழியர்களின் கையில் அடிப்படைச் சம்பளம் மிஞ்சும், சேவைக் கட்டணத்தில் கிடைக்கும் பங்கு ஏறத்தாழ நின்றுபோகும். முதல் வருட மாரியை அவர் பருவத்தில் சேர்த்த பணத்தைக் கொண்டு சமாளித்தார். இரண்டாவது வருடம் மாமியாரின் வைத்தியச் செலவில் அந்தச் சேமிப்புக் கரைந்துவிட்டது. ஐப்பசி வாடகையில் பாதியான 14,000 ரூபாயைக் கொடுத்துவிட்டு மீதியைப் பின்னர் தருவதாகச் சொன்னார். கார்த்திகையிலிருந்து எதுவும் கொடுக்கவில்லை.

அதே காலத்தில் மழையில் கூரை ஒழுகியது. சீமெந்துத் தகடுகளில் மூன்று வெடித்திருந்தன. ஆசிரியையிடம் சொன்னபோது, மழை விட்டபின் பார்ப்போம் என்று அவர் பதிலளித்தாராம். பிள்ளையின் புத்தகங்கள் நனைந்த இரவுக்கு மறுநாள் குடியிருப்பவர் தாமே ஆளைக் கூட்டிவந்து தகடுகளை மாற்றினார். சில நாட்களில் கிணற்று மோட்டரும் எரிந்துபோக, அதையும் வாங்கிப் பூட்டினார். செலவைச் சொல்லிக் கேட்டபோது, "என்னைக் கேட்காமல் செய்ததற்கு நான் ஏன் கொடுக்க வேண்டும்?" என்று ஆசிரியை கேட்டார். "அப்படியானால் வாடகையை முற்பணத்தில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று அவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பேச்சு நின்றது.

கார்த்திகை நடுப்பகுதியில் ஆசிரியை தொலைபேசியில் ஒரு வாட்ஸ்அப் செய்தி அனுப்பினார். வெளிநாட்டிலுள்ள மகன் குடும்பத்துடன் திரும்பி வருவதால், மார்கழி 31 ஆம் திகதியுடன் வீட்டை விட்டுத் தரவேண்டும் என்பது அதன் சாரம். மகளின் பரீட்சை முடியும்வரை இருக்கலாம் என்று ஆவணியில் வாய்மொழியாகச் சம்மதித்தாரே என்பது குடியிருப்பவரின் வாதம். அப்படிச் சொன்னது வாடகை ஒழுங்காக வந்துகொண்டிருந்த காலத்தில் என்பது ஆசிரியையின் பதில். இரண்டும் உண்மையாகவே இருந்திருக்கலாம் என்று நான் அப்போதும் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, குடும்பம் பத்திரகாளி அம்மன் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில், ஆசிரியை முன் கேற்றின் பூட்டை மாற்றிவிட்டார். திரும்பி வந்தவர்கள் மூன்று மணித்தியாலம் வீதியில் நின்றார்கள். மாமியார் அயல்வீட்டுத் திண்ணையில் இருந்தார். பொலிஸில் முறைப்பாடு செய்யப்பட்டு, இரவு பத்து மணியளவில் பூட்டுத் திறக்கப்பட்டது. "என் வீட்டுக் கேற்றை நான் பூட்டக்கூடாதா?" என்று ஆசிரியை அங்கே கேட்டதாகப் பொலிஸ் குறிப்பிலிருந்தது.

இந்தக் கேள்விக்குச் சட்டம் தெளிவாக விடை வைத்திருக்கிறது. வாடகைக்குக் கொடுத்தபின் வீடு உரிமையாளருடையதாகவே இருக்கும்; ஆனால் அதன் இருப்பாட்சி, அதாவது அதில் இருந்து அனுபவிக்கும் நிலை, குடியிருப்பவருடையது. வாடகை பாக்கி இருந்தாலும், காலம் முடிந்திருந்தாலும், நீதிமன்றத்தின் கட்டளை இன்றி அவரை வெளியேற்றும் உரிமை எவருக்கும் இல்லை. 1979 ஆம் ஆண்டின் 44 ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ், சமாதானக் குலைவை ஏற்படுத்தக்கூடிய காணி, வீட்டுப் பிணக்கை நீதிமன்றத்தின் முன் கொண்டுபோகலாம். தகவல் தாக்கல் செய்யப்படுவதற்கு முந்திய இரண்டு மாதங்களுக்குள் ஒருவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டிருந்தால், அவரை மீண்டும் உள்ளே இருத்தும்படி 68 ஆம் பிரிவின் கீழ் நீதிமன்றம் கட்டளையிடலாம். மின்சாரத்தைத் துண்டிப்பது, தண்ணீரை நிறுத்துவது, பொருட்களை முற்றத்தில் எடுத்து வைப்பது ஆகியவற்றை வீட்டுக்காரர்கள் தமது உரிமை என்று எண்ணுகிறார்கள். உண்மையில் அவை தமது பக்கத்து நியாயத்தைத் தாமே கெடுத்துக்கொள்ளும் செயல்கள். மூன்று மாத வாடகை வராமல் இருந்த ஆசிரியை, அந்த ஒரு மாலைப் பொழுதினால் முறைப்பாட்டுக்கு உள்ளானவராக எங்கள் முன் வந்து அமர நேர்ந்தது.

சண்டை எங்களிடம் வருவதற்கு முன் இரு தரப்பும் வேறு வழிகளைப் பற்றி விசாரித்திருந்தார்கள். அவற்றைக் குறிப்பிடாவிட்டால், கட்டாயப்படுத்தும் அதிகாரமில்லாத சபையை இருவரும் ஏன் ஏற்றார்கள் என்பது விளங்காது. 1972 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க வாடகைச் சட்டம், எந்தெந்தக் காரணங்களுக்காகக் குடியிருப்பவரை வெளியேற்ற வழக்குப் போடலாம் என்பதை மட்டுப்படுத்துகிறது. அதன் கீழ் அமையும் வாடகைச் சபை, அதிகாரமளிக்கப்பட்ட வாடகை (சட்டப்படி வாங்கக்கூடிய உச்ச வாடகை) எவ்வளவு என்பது போன்ற விடயங்களைப் பார்க்கிறது; வெளியேற்றக் கட்டளை நீதிமன்றத்துக்கே உரியது. பின்னர் வந்த திருத்தங்கள் பல வீடுகளை அந்தச் சட்டத்தின் பிடியிலிருந்து விலக்கிவிட்டன. இந்த வீடு உள்ளே நிற்கிறதா வெளியே நிற்கிறதா என்பதே ஒரு தனி வழக்காகப் போயிருக்கும். 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டம், குத்தகைக்கு விட்ட கட்டடத்தின் உடைமையை விரைவான நடைமுறையில் மீட்க மாவட்ட நீதிமன்றத்தில் வழி செய்கிறது. ஆனால் அது நொத்தாரிசு முன்னிலையில் முறைப்படி எழுதப்பட்ட குத்தகைகளுக்கானது. முத்திரை ஒட்டிய தாளை வைத்துக்கொண்டு அந்த வாசலில் நுழைய முடியாது. மீதியிருந்தது மாவட்ட நீதிமன்றத்தில் சாதாரண வழக்கு. சட்டத்தரணிக் கட்டணம், தவணைகள், மேன்முறையீடு என்று அது வருடக்கணக்கில் போகக்கூடும் என்பதை இருவருக்கும் அவரவர் சட்டத்தரணிகளே நேர்மையாகச் சொல்லியிருந்தார்கள்.

மத்தியஸ்த சபைகள் 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குகின்றன. 5 பேரைக் கொண்ட ஓர் ஆணைக்குழு மத்தியஸ்தர்களை நியமிக்கிறது. ஒவ்வொரு பிணக்கையும் மூவர் கொண்ட குழு விசாரிக்கும். பெரும்பாலும் விடுமுறை நாட்களில் பாடசாலை வகுப்பறை ஒன்றில் கூடுவோம். சட்டத்தரணிகள் கட்சிக்காரருக்காக ஆஜராக முடியாது. அவரவர் வாயாலேயே அவரவர் பேச வேண்டும். சட்டம் குறிக்கும் பெறுமதிக்கு உட்பட்ட பல சிவில் பிணக்குகள் முதலில் இங்கே வந்து, இணக்கம் ஏற்படாவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழுடன் தான் நீதிமன்றம் போகலாம். நாங்கள் தீர்ப்பு வழங்குவதில்லை. யார் சரி, யார் பிழை என்று எழுதிக் கையெழுத்திடும் அதிகாரம் எங்களுக்கு இல்லை.

முதல் அமர்வில் நாங்கள் எதையும் தீர்க்க முயலவில்லை. ஆசிரியை தமது மகனின் வருகையைப் பற்றியும், ஓய்வூதியம் போதாத கணக்கைப் பற்றியும் பேசினார். குடியிருப்பவர் வீதியில் நின்ற மூன்று மணித்தியாலத்தைப் பற்றி மட்டுமே பேசினார். வாடகை, கூரை, மோட்டர் எதைக் கேட்டாலும் அவருடைய பேச்சு அந்தக் கேற்றடிக்கே திரும்பி வந்தது. எங்கள் குழுவிலிருந்த பெண் மத்தியஸ்தர், ஓய்வுபெற்ற குடும்பநல உத்தியோகத்தர், அதைக் கவனித்தார். பணக் கணக்கை அன்று தொடவேண்டாம் என்று சொல்லி, ஆசிரியையிடம் ஒன்றை மட்டும் கேட்டார்: "அன்றைக்கு அந்தக் கிழவி எங்கே இருந்தா என்று உங்களுக்குத் தெரியுமா, ரீச்சர்?" ஆசிரியைக்குத் தெரிந்திருக்கவில்லை. அவர் பின்பக்கத்துக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறார். அயல்வீட்டுத் திண்ணையில் போர்வையின்றி இருந்த செய்தியைக் கேட்டதும் அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது நான் செய்த பிழை" என்றார். குடியிருப்பவரைப் பார்த்து அல்ல, மேசையைப் பார்த்துத்தான் சொன்னார். ஆனால் அடுத்த அமர்வுக்கு இருவரும் பற்றுச்சீட்டுகளுடன் வருவதற்கு அந்த ஒரு வசனம் போதுமாக இருந்தது.

என் அனுபவத்தில் வாடகைப் பிணக்குகள் தீராமல் இழுபடுவதற்கு முதற்காரணம், தனித்தனிக் கணக்குகள் ஒன்றாகக் குழைந்துவிடுவதே. கூரைச் செலவைத் தராததற்காக வாடகையை நிறுத்துகிறார். வாடகையை நிறுத்தியதற்காகப் பூட்டை மாற்றுகிறார். பூட்டை மாற்றியதற்காக வீட்டை விடமாட்டேன் என்கிறார். ஒவ்வொன்றும் முந்தியதற்கான தண்டனையாக மாறிவிடுகிறது. ஆகவே இரண்டாவது அமர்வில் ஒரு பெரிய தாளை எடுத்து நான்கு நிரல்களாகப் பிரித்தோம்: வாடகை, திருத்த வேலை, சேதம், வெளியேறும் நாள். ஒரு நிரலைப் பற்றிப் பேசும்போது மற்றதைப் பேசக்கூடாது என்று இருவரிடமும் சம்மதம் வாங்கினோம்.

வாடகை நிரல் எளிதாக முடிந்தது. ஐப்பசியில் 14,000, கார்த்திகை, மார்கழி, தை மூன்று மாதங்களுக்கு 84,000, ஆக 98,000 ரூபாய் பாக்கி. ஆசிரியை ஒரு பழைய ஆசிரியர் குறிப்பேட்டில் மாதாமாதம் எழுதி, குடியிருப்பவரிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். அந்தக் குறிப்பேடு இருந்ததனால்தான் ஐந்து நிமிடத்தில் முடிந்தது. வங்கிச் சீட்டும் இல்லாமல் பற்றுச்சீட்டும் இல்லாமல் கையிலே பணம் மாறிய பிணக்குகளில் இந்த ஒரு நிரலுக்கே மூன்று அமர்வுகள் போயிருக்கின்றன. தை மாதம் வரையான மின்கட்டணப் பாக்கி 11,400 ரூபாய் என்பதையும் பட்டியலைப் பார்த்து இருவரும் ஏற்றார்கள்.

திருத்த வேலையில்தான் நேரம் போனது. குடியிருப்பவர் கூரைக்கு 42,000, மோட்டருக்கு 18,500 என்று கேட்டார். நமது நாட்டு வாடகை உறவுக்கு அடிப்படையாக உள்ள உரோம டச்சுச் சட்டத்தில், வீட்டைக் குடியிருக்கத் தக்க நிலையில் வைத்திருப்பது பொதுவாக உரிமையாளரின் கடமை. குறையை அறிவித்தும் அவர் செய்யாவிட்டால், அவசியமான திருத்தத்தைக் குடியிருப்பவர் செய்து வாடகையில் கழிக்க இடமுண்டு. இதை விளக்கியபோது ஆசிரியை, தாம் மறுக்கவில்லை, மழை விடட்டும் என்றுதான் சொன்னதாகக் கூறினார். வாடைக்காலத்து மழை எப்போது விடும் என்பது திருகோணமலையில் பிறந்து வளர்ந்த அனைவருக்கும் தெரியும் என்பதால், அந்தப் பதிலை அவரே அதிகநேரம் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. மோட்டருக்குக் கடைப் பற்றுச்சீட்டு இருந்தது. கூரைக்கு, தகடுகளுக்கும் ஆணி, கம்பி முதலியவற்றுக்கும் 31,500 ரூபாய்க்குப் பற்றுச்சீட்டுகள் இருந்தன. மீதி 10,500 ரூபாய் வேலைகூலி. கூலி வாங்கிய மேசன் எழுதிக் கொடுக்கவில்லை, அந்த நாட்களில் அவர் வேலைக்காக மன்னார்ப் பக்கம் போயிருந்தார், தொலைபேசியிலும் கிடைக்கவில்லை. ஆதாரமில்லாததை ஏற்க முடியாது என்று ஆசிரியை நின்றுகொண்டார். நாங்கள் மூவரும் தனியே கூடிப் பேசியபின், அந்தத் தொகையை விட்டுவிடும்படி குடியிருப்பவரிடம் கேட்டோம். அவர் விட்டுக்கொடுத்தார். தகடுகள் தாமாகக் கூரையில் ஏறியிருக்க முடியாது என்பது எல்லோருக்கும் தெரியும். ஒரு நியாயமான மதிப்பீட்டையாவது நாங்கள் முன்வைத்திருக்க வேண்டும். அந்த இடத்தில் பிணக்கை முடிக்கும் அவசரம் எங்களுக்குள் இருந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. ஆக, ஏற்கப்பட்ட திருத்தச் செலவு 50,000 ரூபாய்.

சேதத்துக்கு ஆசிரியை 34,000 கேட்டார்: சுவர் மை பூச 25,000, உடைந்த கைகழுவும் தொட்டிக்கு 9,000. இரண்டு வருடக் குடியிருப்பில் சுவரின் நிறம் மங்குவது இயல்பான தேய்மானம், அது குடியிருப்பவர் தலையில் விழாது என்பதை அவர் சற்றுத் தயக்கத்துடன் ஏற்றார். தொட்டியை உடைத்தது இளைய மகன் என்பதைக் குடியிருப்பவரே சொன்னார்.

இதுவரை நன்றாகப் போன பேச்சு முற்பணத்தில் வந்து முட்டியது. 168,000 ரூபாய் இப்போது கையில் இருக்கிறதா என்று கேட்டபோது, மகன் வெளிநாடு போன செலவுக்கு அதைக் கொடுத்துவிட்டதாக ஆசிரியை மெல்லச் சொன்னார். இது இந்த ஒரு வீட்டின் கதையல்ல. முற்பணம் என்பது திருப்பிக் கொடுக்கவேண்டிய ஒருவரின் பணம் என்ற எண்ணம், அது கைக்கு வந்த சில மாதங்களிலேயே மறைந்துவிடுகிறது. புதிய குடியிருப்பாளரிடம் வாங்கிப் பழையவருக்குக் கொடுக்கலாம் என்ற கணக்கில்தான் பலர் இருக்கிறார்கள். ஆனால் இங்கே புதியவர் வரப்போவதில்லை; மகன் அல்லவா வருகிறான். குடியிருப்பவரின் பயமும் இதுவே. வீட்டை விட்டபின் முற்பணம் கிடைக்காது என்ற அச்சத்தினால்தான் அவர் வாடகையை நிறுத்தியிருந்தார். வீட்டை விடாததற்குப் பரீட்சைகூட அவருக்கு இரண்டாவது காரணம் என்பது அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

இந்த இடத்தில் மத்தியஸ்த சபையின் பலவீனத்தை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நாங்கள் எழுதும் இணக்கத்தை ஒருவர் மீறினால், நீதிமன்றக் கட்டளைகளை நிறைவேற்றும் அலுவலரான பிஸ்காலை அனுப்பி வீட்டைத் திறக்கவோ பணத்தை அறவிடவோ எங்களால் முடியாது. மீறப்பட்டவர் மறுபடி சபைக்கு வரலாம், நீதிமன்றம் போகலாம். அதாவது எந்த வருடக்கணக்கைத் தவிர்க்க வந்தாரோ அங்கேயே போய் நிற்கலாம். ஆகையால் "மூன்று மாதத்துக்குள் பணம் தருவேன்", "அடுத்த மாதம் வீட்டை விடுவேன்" என்பது போன்ற வாக்குறுதிகளால் ஆன இணக்கம் காகிதத்துக்கு மேல் நிற்காது. ஒருவர் முதலில் செய்ய, மற்றவர் பின்னர் செய்ய வேண்டிய நிலை எங்கே இருக்கிறதோ அங்கே இணக்கம் முறியும். எவரும் எவரையும் நம்பத் தேவையில்லாதபடி நிபந்தனைகளை அமைப்பதுதான் மத்தியஸ்தரின் உண்மையான வேலை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

அதன்படி, செலவழிந்துபோன முற்பணத்தைத் திருப்பிக் கேட்பதற்குப் பதிலாக, அதை அந்த வீட்டிலேயே இருந்து கழிக்கும் வழியைப் பார்த்தோம். பங்குனி 31 ஆம் திகதியை வெளியேறும் நாளாக வைத்தால் மகளின் பரீட்சையும் முடிந்துவிடும். மகனின் குடும்பமும் சித்திரை நடுப்பகுதியில்தான் வருகிறது என்று விசாரித்ததில் தெரியவந்தது. மாசி, பங்குனி இரண்டு மாத வாடகையான 56,000 ரூபாயையும் கையில் கொடுக்காமல் முற்பணத்தில் கழித்தோம். பாக்கி 98,000, இந்த 56,000, மின்கட்டணம் 11,400, தொட்டி 9,000 எல்லாம் சேர்ந்து 174,400. அதில் திருத்தச் செலவு 50,000 போக 124,400. முற்பணமான 168,000 ரூபாயில் இதைக் கழித்தால் ஆசிரியை திருப்பிக் கொடுக்க வேண்டியது 43,600 மட்டுமே. கடைசி இரண்டு மாத மின்கட்டணமும் அதில் கழியும். 168,000 ரூபாய் எங்கே போய்ப் புரட்டுவது என்று கலங்கியிருந்தவருக்கு, இரண்டு மாதத்தில் 43,600 புரட்டுவது முடியாத காரியமாகத் தெரியவில்லை. முற்பணம் போய்விடும் என்று பயந்தவருக்கு, அதில் பெரும்பகுதி தாம் இருக்கும் வீடாகவே கைக்கு வந்துவிட்டது.

மீதித் தொகையையும் சாவியையும் ஒரே நேரத்தில், ஒரே மேசையில், மத்தியஸ்தர் ஒருவர் முன்னிலையில் மாற்றிக்கொள்வது என்று எழுதினோம். அன்று காலை மின்மானியையும் நீர்மானியையும் இருவரும் சேர்ந்து வாசித்துப் படமெடுத்துக்கொள்ள வேண்டும். பங்குனி இறுதி வரை பூட்டு, மின்சாரம், தண்ணீர் எதிலும் ஆசிரியை கைவைக்கக் கூடாது. குடியிருப்பவர் வேறு எவரையும் அங்கே இருத்தக் கூடாது. பொலிஸ் முறைப்பாட்டை மேற்கொண்டு கொண்டுபோவதில்லை என்று அவர் ஏற்றார். இதற்கு மேல் ஒருவர்மீது ஒருவருக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை என்பது கடைசி வாசகம். தாளை உரக்க இரண்டு தடவை வாசித்தபின்னரே கையெழுத்து வாங்கினோம். மாமியாரும் வந்திருந்தார்; அவர் கையெழுத்திடத் தேவையில்லை, இருந்தாலும் அவருக்கும் விளங்கும்படி சொன்னோம்.

இடையில் ஒரு தடவை இணக்கம் ஆட்டம் கண்டது. பங்குனி நடுவில், மகன் முன்கூட்டியே வரப்போவதாகக் கூறி, ஒரு வாரம் முன்னர் வீட்டை விடமுடியுமா என்று ஆசிரியை கேட்டனுப்பினார். பரீட்சை அப்போது நடந்துகொண்டிருந்தது. எழுதிய திகதியை மாற்ற வேண்டாம் என்று நான் சொன்னேன். மகன் பின்பக்கத்து அறையில் சில நாட்கள் தங்கிக்கொண்டார். வேறு சிக்கல் எதுவும் வரவில்லை.

31 ஆம் திகதி காலையில் மின்மானியை வாசித்து, மின்சார சபையின் கட்டண அட்டவணைப்படி கணக்குப் பார்த்தபோது இரண்டு மாதத்துக்கு 7,850 ரூபாய் வந்தது. 43,600 ரூபாயில் அதைக் கழித்து 35,750 ரூபாயை ஆசிரியை எண்ணி வைத்தார். சாவிக்கொத்து மேசைமீது வைக்கப்பட்டது. குடும்பம் பாலையூற்றுப் பக்கம் ஒரு சிறிய வீட்டுக்குப் போனது. இம்முறை குடியிருப்பவர் நொத்தாரிசு முன்னிலையில் ஒரு வருடக் குத்தகை எழுதிக்கொண்டார். முற்பணம் மூன்று மாதத்துக்குரியது மட்டுமே. திருத்த வேலைக்கு ஒரு வாசகம், முற்பணத்தைச் சாவி கொடுக்கும் அன்றே திருப்புவதற்கு ஒரு வாசகம், மாரி மாதங்களில் வாடகையில் ஒரு பகுதியைப் பருவ மாதங்களுக்குத் தள்ளிக் கொடுக்கலாம் என்பதற்கு ஒரு வாசகம் அதில் உள்ளன. கடைசி வாசகத்துக்குப் புதிய வீட்டுக்காரர் சம்மதித்ததைக் கேட்டு நான் உண்மையிலேயே மகிழ்ந்தேன். கடற்கரைத் தொழிலை நம்பியிருக்கும் குடும்பங்களுக்கு ஒவ்வொரு மாதமும் சம அளவில் வாடகை கேட்பது, பாக்கியை ஒப்பந்தத்திலேயே எழுதி வைப்பதற்குச் சமம் என்பது என் கருத்து.

சித்திரை வருடப் பிறப்புக்குப் பிறகு, வாடகைக்கு இருந்தவர் என் வீட்டுக்கு வந்தார். மன்னாரிலிருந்து திரும்பிய மேசன், கூரை வேலைக்கு 10,500 ரூபாய் வாங்கியதாக எழுதிக் கையெழுத்திட்ட துண்டு ஒன்று அவர் கையில் இருந்தது. இணக்கத்தின் கடைசி வாசகத்தை நினைவூட்டி, அதைச் சபை மூலம் இனிக் கேட்க முடியாது, ரீச்சர் தாமாகத் தந்தால் வாங்கிக்கொள்ளலாம் என்று சொன்னேன். அவர் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். அதை ரீச்சரிடம் கொண்டுபோகவில்லை என்று பின்னர் அறிந்தேன். மகளின் பெறுபேறு வந்ததும் முதல் தொலைபேசி அழைப்பு உவர்மலைக்குத்தான் போயிருக்கிறது.